மாட்டிவிட்டுப் போன கதவு

"பூட்டு உடையலை. கிரில் வளையலை. ஆனா திருடன் வந்துட்டுப் போயிருக்கான்" என்றார் வாசுதேவன். "வெளிய சொன்னா சிரிப்பாங்க, மேடம். அதனாலதான் போலீசுக்குப் போகலை."

கிறிஸ்டோபருக்கு ஏற்கெனவே சிரிப்பு வந்துவிட்டது. புனேவை ஒட்டிய நிக்டியில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் வாசுதேவனைத் தெரியாதவர்கள் இல்லை. சென்ற கோடையில் காலனியில் அடுத்தடுத்துத் திருட்டு நடந்தபோது, பொதுக் கூட்டம் போட்டு மேடையேறி, வீட்டுக் கதவை எப்படிப் பலப்படுத்த வேண்டும் என்று தொண்டை வறளப் பேசியவர் அவர். நிலையில் நீளத் திருகாணி போடுங்கள், மரக்கதவில் இரும்புத் தகடு அடியுங்கள், வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் ரேடியோவை ஓடவிடுங்கள் என்று சொன்னதோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய்த் தன் கையாலேயே பூட்டு மாட்டிக் கொடுத்தவர். அவர் வீட்டிலேயே இப்போது திருட்டு.

"பின்கதவைப் பார்க்கலாமா?" என்றாள் மங்கையர்க்கரசி.

மங்கையர்க்கரசிக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையின் வாசலில், வேலை முடிந்து வரும் பெண்களைச் சோதனை போட்டு அனுப்பும் உத்தியோகத்தில் பாதி ஆயுளைக் கழித்தவள். அதை விட்டுவிட்டு, கட்கி பஜாரில் ஒரு சைக்கிள் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து ஆறு வருடமாகிறது. கிறிஸ்டோபர் அவளுடைய ஒரே ஊழியன். கட்கியில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழில் பாதி இந்தி. அவன் வேலையில் பாதி வாய்.

வெளியே ஜூலை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. கூடத்தைக் கடந்து போகையில், சமையலறையை ஒட்டி மூடியிருந்த ஓர் அறைக்குள் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது.

"நாம இருக்கும்போது கூட ஓடுதே சார்?"

"பழக்கமாயிடுச்சு தம்பி. அது சாமான் போடற அறை. தெருவிலேர்ந்து கேட்டா வீட்டுல நாலு பேர் இருக்கிற மாதிரி இருக்கும்."

பின்கதவு சமையலறையிலிருந்து சின்னத் தோட்டத்துக்குத் திறந்தது. முழுக்க இரும்புத் தகடு அடித்த கதவு. வெளிப்பக்கம் இரண்டு தாழ்ப்பாள், ஒரு பெரிய தொங்கு பூட்டு. உள்பக்கம் தாழ்ப்பாள் எதுவும் இல்லை. முன்பு ஒன்று இருந்து கழற்றப்பட்டதற்கு நான்கு துளைகள்தான் சாட்சி. வாசுதேவன் வாசல் வழியாகச் சுற்றிப் போய்ச் சாவி போட்டுத் திறந்து, தோட்டப்பக்கம் இழுத்துக் காட்டினார்.

"அரே வா!" என்றான் கிறிஸ்டோபர். "சார், உங்க வீட்டுக்குள்ள வர்றதை விட வெளிய போறதுதான் கஷ்டம் போல. இதுக்கு யெர்வாடா ஜெயில் தேவலை. அங்க சாப்பாட்டு நேரத்துக்காவது திறந்துவிடுவாங்க."

வாசுதேவன் வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். மங்கையர்க்கரசி சிரிக்கவில்லை. அவள் பூட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை. கதவின் மறுபக்கம் குந்தி உட்கார்ந்து, கீல்களைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் பூட்டையே பார்ப்பாங்க" என்றாள். "கதவு வெளிப்பக்கமாத் திறக்குது. அதனால மூணு கீலும் வெளிய நிக்குது. கீலுக்குள்ள இருக்கிற ஆணியை அடியிலேர்ந்து தட்டி உருவிட்டா, பூட்டைத் தொடாமலே கதவை இந்தப் பக்கமா இழுத்துடலாம். அப்படித்தான் வந்திருக்கான்."

வாசுதேவனின் முகம் சுருங்கியது. "எனக்குத் தோணாம போச்சே!"

"அதை விட வேடிக்கை ஒண்ணு இருக்கு. போகும்போது கதவைத் திரும்ப மாட்டிட்டுப் போயிருக்கான். எந்தத் திருடனும் செய்யாத வேலை." நடுக்கீலைச் சுட்டிக்காட்டினாள். "ஒரு ஆணி புல்லுல எங்கேயோ விழுந்து தொலைஞ்சிருக்கு. அதுக்குப் பதிலா எதையோ சொருகியிருக்கான். கிறிஸ்டி, அதை உருவு."

கிறிஸ்டோபர் குறட்டால் இழுத்தான். கறுப்புப் பூச்சுப் பூசிய மெல்லிய கம்பிகள், ஒன்றுக்குள் ஒன்று செருகி மூன்று.

"குடைக்கம்பி!" என்றான். "பாவம், மழையில குடையோட வந்து குடையை உடைச்சிட்டுப் போயிருக்கான்."

"உடைஞ்ச குடையில கம்பி வளைஞ்சிருக்கும். இது புதுக்கம்பி. குறட்டால அளவா வெட்டியிருக்கு. இதைப் பையில வெச்சுக்கிட்டுத் திரியறவன் யாரு?"

"குடை ரிப்பேர்க்காரன்!"

"என்னென்ன போச்சு?" என்று வாசுதேவனைக் கேட்டாள் மங்கையர்க்கரசி.

"ரெண்டு தங்க வளையல். மனைவியோடது. சமையலறை அலமாரியில இருந்தது. அவளுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கலை. ரெண்டு வருஷமா பாளையங்கோட்டையில அவ அக்கா வீட்டுல இருக்கா. அதை விட்டுட்டுப் போயிட்டா."

"டிவி?"

"இருக்கு."

"சரி. இன்னிக்கே வெல்டிங்காரனைக் கூப்பிட்டு, நடுக்கீலுக்குப் புது ஆணி போட்டு, மூணு ஆணி தலையையும் வெல்டிங் வெச்சுடுங்க. அப்புறம் எவனும் கழட்ட முடியாது."

"கட்டாயம்." வாசலில் கிரில் வரை வந்து வழியனுப்பினார் வாசுதேவன். "ஒரு வேண்டுகோள். ஆள் யாருன்னு தெரிஞ்ச உடனே, வேற யாருக்கும் முன்னால எனக்குச் சொல்லணும். என் கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணுங்க. என் மானம் இதுல இருக்கு."

மறுநாள் பிம்ப்ரி ஸ்டேஷன் சாலையில் குடைக்காரனைத் தேடினார்கள். மழைக்காலத்தில் அங்கே ஏழெட்டுக் குடைக்காரர்கள் பாலிதீன் விரித்து உட்கார்ந்திருப்பார்கள். கிறிஸ்டோபர் ஒவ்வொருவனிடமும் கம்பியைக் காட்டி விசாரிக்க ஆரம்பித்தான். மங்கையர்க்கரசி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"கம்பி எல்லார்கிட்டயும் ஒண்ணுதான். கேள்வியை மாத்து. இவ்வளவு மழையில கடை விரிக்காம இருக்கிற குடைக்காரன் யாருன்னு கேளு."

மூன்றாவது ஆளே சொல்லிவிட்டான். கிட்டு. அரக்கோணத்துப் பக்கத்து ஆள். நிக்டி காலனிகளில் குரல் கொடுத்துக்கொண்டே திரிபவன். போன வியாழக்கிழமையிலிருந்து தொழிலுக்கு வரவில்லை. குடிசை தண்டவாளத்து ஓரம், கால் மணி நேர நடை.

மங்கையர்க்கரசி வழி கேட்டுக்கொண்டிருந்தபோது, கிறிஸ்டோபரின் கண்ணில் மஞ்சள் எஸ்டிடி பூத் பட்டது. வாசுதேவன் அவனை நம்பித்தானே நம்பர் கொடுத்திருக்கிறார்? உள்ளே போய்ச் சுழற்றினான்.

"சார், உங்க ஆளைப் பிடிச்சாச்சு! குடை ரிப்பேர்க்காரன், பேரு கிட்டு. இன்னும் அரை மணியில அவன் வாயிலேர்ந்து கதையை வாங்கிடுவோம்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அவன்கிட்ட பேசிட்டீங்களா?"

"இனிமேதான்."

"பேசாதீங்க. நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம்" என்றார் வாசுதேவன். உடனே இணைப்பு அறுந்தது. நன்றி கூடச் சொல்லவில்லையே என்று கிறிஸ்டோபருக்குக் கொஞ்சம் வருத்தம்.

கிட்டு குடிசைக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, குச்சி உடம்பு. மங்கையர்க்கரசி மூன்று கம்பிகளையும் அவன் முன்னால் போட்டதும் எழுந்து ஓடவில்லை. அழ ஆரம்பித்தான். மூலையில் இருந்த அரிசிப் பானைக்குள் கையை விட்டு, இரண்டு வளையல்களை எடுத்து அவள் காலடியில் வைத்தான்.

"விக்க மனசு வரலம்மா. இத்த எடுத்துக்கினு போங்க."

"ஏன் விக்கலை?"

"திருடினது இல்லம்மா. அந்தம்மா குடுத்தது."

"எந்த அம்மா?"

"வூட்டுக்குள்ள இருந்தாங்களே, அந்தம்மா."

கிறிஸ்டோபர் அவன் எதிரே குந்தி உட்கார்ந்தான்.

கிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான். ஆள் இல்லாத வீட்டில் ரேடியோ சும்மா ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த மனிதர் காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த யுக்திதானே அது? பட்டப்பகலில், நல்ல மழையில், கீலைத் தட்டிக் கதவை இழுத்தான். உள்ளே தரையில் ஒரு பெண் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தலம்மா. என்னப் பாக்கவே இல்ல. என் தோளுக்கு மேல வெளிய பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம் கையில கெடந்த வளையல கழட்டி நீட்டினாங்க. அண்ணே, என்ன ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிக்கினு போயிடுங்கன்னு சொன்னாங்க. புருஷன் ரெண்டு வருஷமா வெளிய வுடலியாம்."

"நீ என்ன செஞ்சே?"

கிட்டு தலையைக் குனிந்துகொண்டான்.

"பயந்துட்டேன். நா திருடன். ஒரு பொம்பளையோட ரோட்ல நடந்தா, கடத்திக்கினு போறேன்னு அடிச்சே கொன்னுடுவாங்க. வளையல வாங்கிக்கினேன். இருங்கம்மா, ரிக்‌ஷா இட்டாறேன்னு சொல்லிட்டு வெளிய வந்தேன். பின்னாடியே வந்துடப் போறாங்கன்னு கதவ மாட்டி ஆணிய அடிச்சேன். ஒரு ஆணி காணோம். கம்பிய சொருவினேன்."

"அவங்க சத்தம் போடலையா?"

"தட்டினாங்க. மெதுவாத்தான். யாருக்கும் கேட்டுடக் கூடாதுன்ற மாதிரி, விரலால. அது இன்னும் என் காதுலயே கீதும்மா."

மங்கையர்க்கரசி எழுந்து நின்றாள். கிறிஸ்டோபர் அவள் முகம் அப்படி ஆகிப் பார்த்ததில்லை.

"உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழட்டியிருந்ததைப் பார்த்தேன்" என்றாள். "திருடனுக்குப் பயப்படறவன் ராத்திரி உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்குவான். இவன் அதைக் கழட்டியிருக்கான். உள்ள இருக்கிறவ தாழ்ப்பாள் போட்டு இவனை வெளிய நிறுத்திடக் கூடாதுன்னு. தங்க வளையலை விட்டுட்டு எந்தப் பொம்பளை ரெண்டு வருஷம் ஊருக்குப் போவா? அவளை எவன் பார்த்துட்டான்னு கண்டுபிடிக்கத்தான் நம்மளைக் கூப்பிட்டிருக்கான். எல்லாம் கண்ணுக்கு முன்னால இருந்தது. நான் கீலைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன்."

"அந்தக் கீலை இப்பவும் கழட்டலாமே, மேடம்!"

"முடியாது. நான்தான் வெல்டிங் வைக்கச் சொன்னேன்."

கிறிஸ்டோபருக்கு அப்போதுதான் ரேடியோ அலறிய அந்த அறை நினைவுக்கு வந்தது. அதன் கதவுக்கு மூன்று முழம் தள்ளி நின்றுதான் அவன் ஜெயில் ஜோக் அடித்தான். அடுத்த நினைவு அதை விட மோசமாக இருந்தது.

"மேடம், நான் அவருக்குப் போன் பண்ணிட்டேன்."

அவள் அவனைத் திட்டவில்லை. "ரிக்‌ஷாவை நிறுத்து" என்று மட்டும் சொன்னாள்.

நிக்டிக்குப் போகும் வழியெல்லாம் கிறிஸ்டோபர் ரிக்‌ஷாக்காரனை "ஜல்தி, ஜல்தி" என்று விரட்டிக்கொண்டிருந்தான். வழியில் ஒரே ஒரு இடத்தில் நிறுத்தி, மங்கையர்க்கரசி காவல் நிலையத்துக்குப் போன் செய்தாள். அங்கே இருந்தவர், புருஷன் பெண்டாட்டி விவகாரமா என்று கேட்டுவிட்டு, வண்டி வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார்.

வாசுதேவனின் வீட்டு வாசலில் ஒரு வாடகை வேன் நின்றுகொண்டிருந்தது. கிரில் திறந்திருந்தது. வாசுதேவன் ஒரு பெண்ணின் முழங்கையைப் பற்றி மெல்லப் படியிறக்கிக்கொண்டிருந்தார். அவளுக்கு முப்பது வயதிருக்கும். தலை ஒழுங்காக வாரி, நெற்றியில் பொட்டு வைத்திருந்தது. வானம் மூடியிருந்தும், வெயிலைப் பார்ப்பவள் போலக் கண்களை இடுக்கிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ரீனா, காயப்போட்ட துணியை எடுத்தபடி காம்பவுண்டு சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, இந்தியில் மகிழ்ச்சியாகக் கூவினாள். "அண்ணி வந்துட்டாங்களா! எப்ப வந்தாங்க பாயி சாப்?"

"இன்னிக்குக் காலையிலதான். வந்ததுமே காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் வாசுதேவன். மங்கையர்க்கரசியைப் பார்த்ததும் அதே மரியாதையோடு தலையசைத்தார். "அப்புறம் பேசலாம், மேடம். அவசரம்."

மங்கையர்க்கரசி வேனுக்கும் அவருக்கும் நடுவே போய் நின்றாள். "அம்மா, நீங்க எந்த ரயில்ல வந்தீங்க?"

அந்தப் பெண் கணவனின் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு அமலா" என்றார் வாசுதேவன் கனிவாக. அவருடைய விரல்கள் முழங்கையில் இன்னும் கொஞ்சம் அழுந்தின.

"காலைல வந்தேன்" என்றாள் அமலா. "ஊர்ல இருந்து வந்தேன்."

"காதுல விழுந்துச்சா?" என்றார் வாசுதேவன்.

"விழுந்தது. அவங்க கால்ல இருக்கிறது உங்க செருப்பு" என்றாள் மங்கையர்க்கரசி, ரீனாவுக்கும் புரியட்டும் என்று இந்தியில். "நேத்து வந்தப்போ பார்த்தேன், இந்த வீட்டு வாசல்ல பொம்பளைச் செருப்பே கிடையாது. பாளையங்கோட்டையிலேர்ந்து ரெண்டு நாள் ரயில்ல வெறுங்காலோடவா வந்தாங்க?"

ரீனா சுவரின் மேல் வைத்திருந்த துணி நழுவிச் சேற்றில் விழுந்தது. எதிரே இருந்த தமிழர் வீட்டிலிருந்து இரண்டு பேர் வாசலுக்கு வந்தார்கள். வாசுதேவன் அவர்களைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒவ்வொருவர் வீட்டுக் கதவையும் அறிந்த மனிதர் அல்லவா?

"அவளுக்குக் கொஞ்சம் மனநிலை சரியில்லை" என்றார். "வெளிய சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். உங்களுக்குத் தெரியாததா?"

அவர்களில் ஒருவர் இரக்கத்தோடு தலையாட்டினார். இன்னும் ஒரு நிமிடம் போனால் இந்த மனிதர்களே வேன் கதவைத் திறந்துவிடுவார்கள்.

மங்கையர்க்கரசி கைப்பையிலிருந்து இரண்டு வளையல்களையும் எடுத்து அமலாவின் முன் நீட்டினாள்.

அமலா வளையல்களைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். அங்கே நின்றுகொண்டிருந்த ரிக்‌ஷாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வந்தது.

"ரிக்‌ஷா வந்தாச்சா?" என்றாள். "அந்த அண்ணன் கொண்டாரேன்னு சொன்னாவ. வியாழக்கிழமைலேர்ந்து கதவுக்கிட்டயே உக்காந்திருந்தேன்."

இரக்கத்தோடு தலையாட்டியவரின் தலை நின்றுவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து இந்த வீட்டில் இருந்தவள் இன்று காலை எப்படி வர முடியும்?

அமலா முழங்கையை விடுவித்துக்கொள்ள முயன்றாள். வாசுதேவன் விடவில்லை. கிறிஸ்டோபர் அவர் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். கடைசி விரலைப் பிரிக்கும்போது ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவன் அதற்காக வருத்தப்படவில்லை.

வாசுதேவன் வலியில் முனகினாரே தவிரக் கத்தவில்லை. "என் வீடு. என் கதவு" என்றார் மங்கையர்க்கரசியிடம். "தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போடறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும். அவ பால்காரன்கிட்ட நின்னு சிரிச்சுப் பேசினா. ஒரு தாழ்ப்பாளோட நிறுத்தலாம்னுதான் இருந்தேன். அவ கேக்கலை."

போலீஸ் வண்டி வந்தபோது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சப் இன்ஸ்பெக்டர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பூட்டுகளைத் தட்டிப் பார்த்து, "நல்ல வேலைப்பாடு" என்றார். சாமான் அறையில் சாமான் எதுவும் இல்லை. ஒரு பாய், ரேடியோ, வாயில் அடைக்கும் துணி ஒன்று. சட்டவிரோதமாக அடைத்து வைத்த வழக்குப் போடலாம், நாளைக்கே ஜாமீனில் வந்துவிடுவார் என்றார் அவர். அதற்குள் இந்த அம்மாவைச் சொந்தக்காரர்களிடம் ஒப்படைத்துவிடுவது நல்லது.

காவல் நிலையத்துக்குப் போகும் ரிக்‌ஷாவில் அமலா கிறிஸ்டோபரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்க சத்தம் எனக்குத் தெரியும். நேத்து ஜெயிலுன்னு சொன்னிய."

"மன்னிச்சுடுங்கக்கா."

"இல்ல. சரியாச் சொன்னிய. உள்ள கெடந்து சிரிச்சேன். துணி இருந்ததால கேக்கல."

மங்கையர்க்கரசி வாக்குமூலம் கொடுக்க உள்ளே போனாள். அமலாவின் அக்கா சாந்தகுமாரிக்குத் தகவல் சொல்லும் வேலை கிறிஸ்டோபரிடம் வந்தது. அக்கா வீட்டு எண் அமலாவுக்கு மனப்பாடமாக இருந்தது. எதிரே இருந்த பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவளை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அவன் உள்ளே போனான். மணி போனதும் எடுத்தார்கள்.

"அக்கா, புனேலேர்ந்து பேசறேன். உங்க தங்கச்சி அமலா..."

"இப்ப எதுக்கு?" என்றது அந்தக் குரல். "அவன் கைவிட்டுட்டானாக்கும்?"

"எவன்?"

"எவன் கூட ஓடினாளோ, அவன். ரெண்டு வருசத்துக்கு முன்னாலயே அவ மாப்பிள்ளை போன் போட்டு அழுதுட்டாரு. தங்கமான மனுசன். எங்கம்மா அந்தச் சேதியைக் கேட்டுப் படுத்தவ எந்திரிக்கவே இல்ல. கருமாதியும் முடிஞ்சு போச்சு."

"அக்கா, அது பொய். அந்த ஆள் அவங்களை வீட்டுக்குள்ளயே..."

"எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைய. இந்த வருசம் மூத்தவளுக்குப் பாக்குறோம். அவ இங்க வரக் கூடாது. எங்களுக்கு அவ இல்ல."

அவன் மறுபடி சுழற்றினான். அங்கே ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள். மறுபடியும் சுழற்றினான். பிறகு ரிசீவரைக் காதில் வைத்தபடியே திரும்பினான். கண்ணாடிக்கு அப்பால் அமலா மடியில் கைகளைக் கோத்தபடி, அவனுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் வெளியே வந்தான்.

"அக்கா என்ன சொன்னாவ?" என்றாள் அமலா. "அம்மா எப்படி இருக்காவளாம்?"

"லைன் கிடைக்கலைக்கா" என்றான் கிறிஸ்டோபர். "மழையில்ல, அதான். கொஞ்ச நேரம் கழிச்சுப் பார்க்கலாம்."

அமலா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வருசமா அவரும் இதையேதான் சொன்னாரு."